கணவாயில் காத்திருக்கும் ஊர்

நெல்லியாம்பதிக்குப் போகிறவர்கள் நிற்காமல் கடந்துவிடும் இடம் கொல்லங்கோடு. மலைப்பாதை மூடும்போதுதான் பலருக்கு அது கண்ணில் படுகிறது. போட்ட திட்டம் மாறுவது எப்படிப்பட்ட விஷயம் என்பதை இந்தக் கணவாய் நன்றாக அறியும்.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் பஸ் அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றைத் தாண்டி, கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில் கேரளத்துக்குள் நுழைகிறது. கடைப் பலகைகளில் தமிழ் மெல்ல மலையாளத்துக்கு இடம் விடுகிறது. பேச்சில் அந்த மாற்றம் இன்னும் தாமதமாகத்தான் வருகிறது. சித்தூர் தாலுக்காவின் இந்தப் பகுதியில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. இடது கைப் பக்கம் மாந்தோப்புகள். அவற்றுக்குப் பின்னால் சுவர் எழுப்பியது போலத் தென்மலை. முதலமடையைத் தாண்டியதும் தோப்புகள் விலகி நெல் வயல்கள் தொடங்குகின்றன. வரப்போரங்களில் பனை மரங்கள். மழைக்காலமாக இருந்தால் மலைச் சுவரில் அங்கங்கே வெள்ளைக் கோடுகள் தெரியும். அத்தனையும் அருவிகள்.

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாரக் கடைசியில் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கொல்லங்கோடு இவ்வளவுதான்: நெல்லியாம்பதி போகும் வழியில் ஒரு ஜன்னல் காட்சி. நென்மாறை வந்து, போத்துண்டி அணையைத் தாண்டி, சாவடியில் வண்டி எண்ணைப் பதிந்துவிட்டு மலையேறினால் தேயிலை, காபி, ஏலம், அரசுப் பண்ணையின் ஆரஞ்சு. கடைசியில் சீதார்குண்டு காட்சி முனை. வனவாசத்தில் சீதை இங்குள்ள நீரோடையில் தண்ணீர் எடுத்தாள் என்பது கதை. அந்த முனையில் நின்று அவர்கள் வியக்கிற பச்சைக் கட்டங்களும், சுள்ளியாறு, மீன்கரை அணைகளின் நீர்ப்பரப்பும் சற்று முன்பு நிற்காமல் கடந்து வந்த கொல்லங்கோட்டுச் சமவெளிதான்.

ஆனால் மேலே போகும் சாலை எப்போதும் திறந்திருப்பதில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த மழையில் நென்மாறை அருகே அளுவாச்சேரியில் மண் சரிந்து பத்துப் பேர் இறந்தார்கள். நெல்லியாம்பதிச் சாலை பல இடங்களில் அறுந்தது. தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்கள் மலைமேல் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அரிசியும் மருந்தும் தலைச்சுமையாகவும் ஹெலிகாப்டரிலும் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு கனமழை எச்சரிக்கை வந்தால் சுற்றுலா வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. நிறுத்துவது சரிதான். மேலே போய் மாட்டிக்கொள்கிற ஒவ்வொரு பயணியும் அங்கிருப்பவர்களுக்கு இன்னொரு சுமை.

நாங்கள் போனது ஓர் ஆடி மாதம். நெல்லியாம்பதியில் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். அடிவாரத்தில் திருப்பி அனுப்பப்பட்டோம். எங்களுக்கு முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் பயணிகள் மூன்று வகையாகப் பிரிந்துவிடுவதைப் பார்க்கலாம். முதல் வகை சண்டை போடும்: முன்பணம் கட்டியாகிவிட்டது, வழியில் யாருமே சொல்லவில்லை, அந்த வண்டியை மட்டும் ஏன் விட்டீர்கள்? (அந்த வண்டி மேலே இருக்கும் எஸ்டேட்டுக்கு அரிசி கொண்டுபோவது.) இரண்டாவது வகை வாய் பேசாமல் வண்டியைத் திருப்பி, கட்டுச்சோற்றை வீட்டில் பிரித்துச் சாப்பிடப் போய்விடும். மூன்றாவது வகை, எண்ணிக்கையில் மிகச் சிறியது, பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்று கேட்கும். மூன்றாவது வகையோடு சேர்ந்து நாங்கள் கொல்லங்கோடு வந்தோம்.

திட்டத்தில் இல்லாத ஊரைப் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எதைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்காது. வெங்குநாட்டு அரசர்களின் கோவிலகம் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் ஆயுர்வேத சிகிச்சைக்கான மாளிகையாக மாறியது. அக்ரகாரத் தெருக்கள் இருக்கின்றன. சற்றுத் தள்ளிக் காச்சாங்குறிச்சியில் பழைய விஷ்ணு கோயில். கொல்லர்கள் வாழ்ந்த இடம் என்பதால் கொல்லங்கோடு என்று ஊர்ப் பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். எந்த இடத்தில் நின்றாலும் தெற்கே மலைச் சுவர் கூடவே வருகிறது. மேலிருந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வண்டி ஏறவேண்டிய சீதார்குண்டைக் கீழேயிருந்து நாள் முழுக்கப் பார்க்கலாம். மேகம் இறங்கினால் அருவி மறைகிறது. மேகம் கிழிந்தால் அதே இடத்தில் முன்பைவிடத் தடிமனாக விழுகிறது. கட்டன் சாயாவும் பழம்பொரியும் விற்ற பெரியவரிடம் நெல்லியாம்பதி போகமுடியாத கதையைச் சொன்னபோது, "மலை எங்க போவுது சாரே?" என்று மட்டும் கேட்டார்.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு எல்லையோர ஊர்களில் காது நீண்டுவிடும். போக நினைத்த இடத்துக்குப் போகமுடியாமல் போனால் மலையாளத்தில் யாத்திரை ‘முடங்ஙி’ என்பார்கள். பள்ளிக்கூடம் ஒருநாள் நடக்காவிட்டாலும் முடங்ஙி, மாதத் தவணை கட்டாவிட்டாலும் முடங்ஙி. இடையில் விட்டுப்போனது, அவ்வளவுதான் பொருள். தமிழில் முடங்கிவிட்டது என்றால் கை கால் விழுந்துவிட்ட கனம் வந்துவிடுகிறது. வேர் ஒன்றுதான். மலையைத் தாண்டியதும் சொல் இளைப்பாறிக்கொள்கிறது.

‘சுரம்’ என்ற சொல்லும் அப்படித்தான். தாமரச்சேரிச் சுரம், நெல்லியாம்பதிச் சுரம் என்று மலைப்பாதைக்கு மலையாளிகள் இன்றும் சொல்வது இந்தச் சொல்லைத்தான். நாம் கணவாய், கொண்டை ஊசி வளைவு என்று போய்விட்டோம். சங்கப் பாடல்களில் சுரம் என்பது பொருள் தேடப் போகிற தலைவன் கடக்கவேண்டிய கடுமையான வழி. பாலைத் திணைக்கு உரியது. அந்தத் திணையில் ‘செலவழுங்கல்’ என்று ஒரு துறை உண்டு: கிளம்பத் தயாரான தலைவன் பயணத்தைத் தள்ளிவைப்பது. தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. செலவை அழுங்குவது போகாமல் இருந்துவிடுவது ஆகாது, பிரியப்போகிறவளை ஆற்றித் தேற்றுவதற்காக எடுத்துக்கொள்ளும் தாமதமே அது என்பது அதன் கருத்து. பயணத் திட்டம் மாறுவதற்கு ஓர் இலக்கிய இலக்கணம் செய்துவைத்த மொழி நம்முடையது. அதிலும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தாமதத்தை அந்த இலக்கணம் பயணியின் நஷ்டமாகப் பார்க்கவில்லை. வீட்டில் இருப்பவளின் பக்கத்திலிருந்து பார்க்கிறது.

திட்டத்தைக் குலைப்பது இந்தக் கணவாய்க்குப் புதிதல்ல. குஜராத்திலிருந்து குமரி வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் விழுந்திருக்கும் இடைவெளிதான் மிகப் பெரியது. அகலம் 30 கி.மீ.க்கு மேல். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நெல்லியாம்பதி மலைகள் அந்தத் தெற்குச் சுவரின் ஒரு பகுதி. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசலில் புகுந்து கிழக்கே பாய்கிறது. உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று கொங்கு நாட்டார் சொல்லும் காற்று, மலையாளத்துக் கர்க்கடக மழையின் மறுபக்கம். கார்த்திகை, மார்கழியில் திசை மாறி, கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுக்குள் வீசும். அதற்கு அங்கே விருச்சிகக் காற்று என்று பெயர். பழைய ஆட்கள் இந்த இரண்டு காற்றையும் வைத்தே ஆண்டைப் பிரித்துக்கொண்டார்கள். கர்க்கடகத்தில் கேரளத்தார் வீட்டில் இருந்து ராமாயணம் வாசிக்கிறார்கள், மருந்துக் கஞ்சி குடிக்கிறார்கள். ஆடியில் நாம் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறோம். மழையும் காற்றும் வழியை மறிக்கும் என்று தெரிந்து, தாமதத்தை முன்கூட்டியே பஞ்சாங்கத்தில் எழுதிவைத்த ஏற்பாடு இது.

கடலோடிகள் இதில் இன்னும் கறாராக இருந்தார்கள். முசிறிக்கு வந்த கப்பல்களைப் பற்றி கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். செங்கடல் வாயிலிருந்து பருவக்காற்றைப் பிடித்தால் நாற்பது நாளில் மலபார்க் கரை. ஆனால் திரும்புவதற்கு டிசம்பர் அல்லது ஜனவரி முற்பாதி வரை பொறுக்கவேண்டும். காற்று திசை மாறாமல் கப்பல் திரும்பாது. எனவே காத்திருப்பு அவர்கள் திட்டத்திலேயே ஒரு பகுதி. அந்த வணிகத்தின் தரைவழிகளில் ஒன்று இந்தக் கணவாய்க்குள் புகுந்து கொங்கு நாட்டுக்குப் போனது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

காற்றை நம்பிப் பயணம் செய்கிற கூட்டம் இன்றும் இருக்கிறது. கரீபியன் கடலில் தீவு தீவாகப் பாய்மரப் படகில் போகிறவர்கள் அவர்கள். அங்கே தீவுக் கூட்டங்களுக்குப் பெயரே காற்றை வைத்துத்தான்: காற்றை எதிர்கொள்பவை ஒரு கூட்டம், காற்றுக்கு ஒதுங்கியவை ஒரு கூட்டம். இந்தத் தீவில் சந்திப்போம் என்று நண்பர்களிடம் சொல்லலாம், இன்ன தேதியில் என்று சொல்லாதே என்பது அவர்கள் பாடம். படகில் ஏற்றக்கூடாத ஒரே சரக்கு நாட்காட்டி என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அப்போது பல படகுகள் தெற்கே கிரெனடா பக்கம் ஒதுங்கிவிடும். அவ்வளவு தெற்கே புயல் வருவது குறைவு என்பது கணக்கு. 2024 ஜூலை 1 அன்று அந்தக் கணக்கும் பொய்த்தது. ‘பெரில்’ சூறாவளி கிரெனடாவைச் சேர்ந்த கேரியக்கூ தீவின் மேலேயே ஏறிப் போனது. பாதுகாப்பு தேடி அலையாத்திக் காடுகளுக்குள் கட்டியிருந்த படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. படகுக்காரர்களில் பலர் விமானம் ஏறி ஊருக்குப் போயிருப்பார்கள். தீவுக்காரர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை. கூரையில்லாத வீடுகளில் அவர்கள்தான் மிஞ்சினார்கள்.

வெளியூர்க்காரன் திட்டம் குலைந்தால் அது ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை. உள்ளூர்க்காரனுக்குக் குலைவது பிழைப்பு. கொல்லங்கோட்டில் இரண்டு நாள் சுற்றினால் இதற்கு அடுத்தடுத்து உதாரணங்கள் கிடைக்கின்றன.

முதல் உதாரணம் ரயில் நிலையம். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதை 1932இல் வந்தது. பழனி, மதுரை, ராமேஸ்வரம் என்று தமிழ்நாட்டின் கோயில் நகரங்களோடு கொல்லங்கோட்டை நேராக இணைத்தது அந்தப் பாதை. வேட்டியில் முடிந்த பணத்தோடு பழனிக்குக் கிளம்புகிற பக்தருக்கும், சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிற சிறு வியாபாரிக்கும் அதுதான் வாகனம். அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2008 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். மீண்டும் ரயில் ஓடியது 2015 நவம்பரில். ஏழு ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து பள்ளியை முடிக்கும் தறுவாய்க்கு வருகிற காலம். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர் பஸ்ஸுக்குப் பழகிக்கொண்டது. பழைய ரயில்கள் எல்லாம் திரும்பவில்லை என்ற குறை புதிய பாதை வந்த பிறகும் தொடர்ந்தது. அகலப் பாதை நல்லதுதான்; தாமதத்தின் செலவு மட்டும் யார் கணக்கிலும் எழுதப்படவில்லை.

இரண்டாவது, முதலமடை மாங்காய். நாட்டில் முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் ஒன்று இது. மற்ற இடங்களில் பிஞ்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, ஜனவரி பிப்ரவரியிலேயே இங்கே பறிப்பு தொடங்கிவிடும். அந்த முந்திக்கொள்ளல்தான் வடநாட்டுச் சந்தைகளில் இதற்கு விலை தருகிறது. நவம்பர் டிசம்பரில் பூக்கும் நேரத்தில் மழை நீண்டுவிட்டால் பூ கருகும். பூச்சியும் சேர்ந்துகொண்டால் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆண்டுக் கணக்கு கலைந்துவிடும். சமீப ஆண்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது. காற்று திசை மாற நாள் தள்ளினால் மாம்பூவும் நாள் தள்ளும். குத்தகைத் தவணை நாள் தள்ளாது.

மூன்றாவது உதாரணம் ஒரு கவிஞர். மலையாள மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர் (1905-1978) வடகோடியில் காஞ்ஞங்காட்டுப் பக்கம் பிறந்தவர். கொல்லங்கோடு ராஜாஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். இங்கே அவருக்கு நினைவு மன்றம் இருக்கிறது. திட்டமே இல்லாமல் அலைந்தவர் என்று பெயர் எடுத்தவர். கோயில் திருவிழா, கதகளி, மலை, மழை எது கூப்பிட்டாலும் போய்விடுவார். ‘தாமரத்தோணி’ தொகுப்புக்கு 1967இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தாமரை ஓடம் என்று பொருள். சுயசரிதைக்கு அவர் வைத்த தலைப்பு ‘கவியுடெ கால்பாடுகள்’, கவியின் காலடித் தடங்கள். அவர் வாழ்க்கையைத் தழுவி 2012இல் ‘இவன் மேகரூபன்’ என்ற திரைப்படமும் வந்தது. மேகம் போல் அலைகிறவன் என்று கொண்டாடுவது எளிது. அலைச்சலில் விட்டுவிட்டுப்போன வீடுகளையும் பெண்களையும் பற்றிச் சுயசரிதையில் அவரே மறைக்காமல் எழுதி வருந்தியிருக்கிறார். கடைசியில் உயிர் பிரிந்ததும் வீட்டில் அல்ல, திருவனந்தபுரத்தில் ஒரு சத்திரத்தில். அவர் நினைத்த நேரத்தில் திசை மாறியபோதெல்லாம் யாரோ ஒருவர் வாசலில் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த மூன்றையும் விடப் பெரிய உதாரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தென்மலைச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பரம்பிக்குளம். 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. கன்னிமாரா என்ற ராட்சதத் தேக்கு நிற்கிற இடம். காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடியிருப்புகள் அதற்குள் இருக்கின்றன. நிர்வாகக் கணக்கில் இது முதலமடை ஊராட்சி. அதாவது கொல்லங்கோட்டுக்கு அடுத்த ஊராட்சி. ஆனால் முதலமடை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு பரம்பிக்குளத்துக்கு வழி கேட்டால் தமிழ்நாட்டைக் காட்டுவார்கள். கோவிந்தாபுரம் வழியாக எல்லை தாண்டி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றி, மறுபடியும் கேரள எல்லைக்குள் நுழையவேண்டும். பாலக்காட்டிலிருந்து கணக்கிட்டால் கிட்டத்தட்ட 100 கி.மீ.

இந்தச் சுற்றுவழி இயற்கை செய்தது மட்டும் அல்ல. ஒரு காலத்தில் பரம்பிக்குளத்துக்குக் கேரளத்துக்குள்ளேயே பாதை இருந்தது. கொச்சி அரசு தேக்கு மரத்தை இறக்குவதற்காக 1907இல் சாலக்குடிக்கு ஓட்டிய டிராம் அது. சுமார் 80 கி.மீ. நீளம். 1963இல் அதை மூடிவிட்டார்கள். அதே காலத்தில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழும்பின. 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லுபடியாகும் ஒப்பந்தப்படி, கேரள மண்ணில் இருக்கும் அந்த அணைகளைத் தமிழகம் பராமரிக்கிறது. தண்ணீரின் ஒரு பங்கு கொங்குச் சமவெளிக்குக் கிழக்கே வருகிறது. அணை வேலைக்கான சாலை எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் வந்தது. பொள்ளாச்சி, உடுமலை வயல்கள் பச்சையாக இருப்பதற்கு இந்தத் திட்டம் காரணம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காட்டுக்குள் இருந்தவர்களை யாரும் கேட்காமலேயே அவர்களுடைய வழி வேறு மாநிலத்தின் வழியாகிவிட்டது.

சாதாரண நாட்களில் இது சிரமம். 2020இல் சிரமம் முற்றுகையானது. கொரோனா ஊரடங்கில் மாநில எல்லைகள் மூடப்பட்டபோது, பரம்பிக்குளத்து மக்களுக்குத் தங்கள் ஊராட்சி அலுவலகமும் மருத்துவமனையும் இன்னொரு மாநிலத்தின் சாவடிகளுக்கு அப்பால் போய்விட்டன. காட்டுக்குள் தேக்கடி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் படகு விடுகிற, சுற்றுலாப் பயணிகள் அறிந்த தேக்கடி அல்ல. பெயர் மட்டும் அதே. இந்தத் தேக்கடியிலிருந்து முதலமடை அடிவாரத்துச் செம்மணாம்பதிக்குக் காட்டுக்குள் நடந்தால் சில கி.மீ.தான். வனச் சட்டம், புலிகள் காப்பகம் என்று பல ஆண்டுகளாகச் சாலைக் கோரிக்கை இழுத்துக்கொண்டிருந்தது. 2020 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று அந்த மக்கள் கத்தியும் கடப்பாரையுமாக இறங்கித் தாங்களே வழி வெட்டத் தொடங்கினார்கள்.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. புலிகள் காப்பகத்துக்குள் ஒரு சாலை திறந்தால், அதில் முதலில் ஜீப்பும் பிறகு ரிசார்ட்டும் வரும் என்று அஞ்சுகிறவர்கள் அனுபவத்தில்தான் அஞ்சுகிறார்கள். நெல்லியாம்பதியிலேயே அது நடந்திருக்கிறது. ஆனால் பிரசவ வலி வந்த பெண்ணைத் துணித் தொட்டிலில் தூக்கிக்கொண்டு எந்த எல்லைச் சாவடிக்குப் போவது என்று யோசிக்கிறவர்களிடம் சூழலியல் வாதம் மட்டும் போதாது. அவர்கள் கேட்டது ஊர் சேரும் ஒரு வழி. சுற்றுலாப் பயணிகளுக்குப் பரம்பிக்குளம் வழி சேத்துமடைதான் என்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. நாம் விருந்தாளிகள், சுற்றிப் போகலாம்.

இந்த வித்தியாசம் கொல்லங்கோட்டுக்கும் இப்போது புரிந்து வருகிறது. 2023இல் இந்தியாவின் அழகான பத்துக் கிராமங்கள் என்று சமூக வலைத்தளத்தில் சுற்றிய ஒரு பட்டியலைத் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா பகிர்ந்தார். அதில் கொல்லங்கோடு இருந்தது. அதுவரை ஜன்னல் காட்சியாக இருந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வரிசையாக வரத் தொடங்கின. ஓலைக் கூரை டீக்கடை புகைப்படத் தலமாயிற்று. டீ விற்பனை கூடியதில் சந்தோஷம் இருக்கிறது. வரப்பில் பத்துப் பேர் நின்று படம் எடுத்தால் வரப்பு உடையும் என்ற வருத்தமும் இருக்கிறது. நாற்று நட்ட வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு அது ஒரு பின்னணி. வயல்காரருக்கு அது சம்பா மகசூல்போல ஒரு போகம். அருவிக் கரையில் வழுக்குப் பாறை ஏறுகிறவர்களை மீட்க இறங்குகிறவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். நெல்லியாம்பதி மூடியிருக்கிறது என்று திரும்பும் கூட்டமெல்லாம் கொல்லங்கோட்டில் இறங்கினால், மாற்று ஏற்பாடும் மூச்சு முட்டிப் போகும்.

அதனால் போகாதீர்கள் என்று சொல்வதற்கில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். பாலக்காட்டிலிருந்து சுமார் 25 கி.மீ. ரயிலும் உண்டு, நேரம் விசாரித்துக்கொள்வது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அருவிகள் நிறைந்திருக்கும், மலைப்பாதைக்கு உத்தரவாதம் கிடையாது. பனிக்காலத்தில் பாதை திறந்திருக்கும், அருவிகள் மெலிந்திருக்கும். இரண்டும் ஒருங்கே கிடைக்கவேண்டும் என்று கேட்காதவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம் தராது. நெல்லியாம்பதிக்கு இரண்டு நாள் போட்டால், கையில் மூன்றாவது நாள் ஒன்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். சாவடியில் திருப்பி அனுப்பினால் அங்கே இருப்பவரிடம் கோபப்படாதீர்கள். 2018இல் மேலே அரிசி சுமந்தவர்களில் ஒருவராக அவர் இருக்கக்கூடும். வயலில் இறங்குவதற்கு முன் அது யாருடைய வயல் என்று கேளுங்கள். டீயைக் கடையில் குடியுங்கள்.

பருவக்காற்றும் மலைச்சரிவும் போக்குவரத்தை நிறுத்தும் நாட்கள் இனிமேல் கூடத்தான் போகின்றன. விடுமுறையை மணிக்கணக்கில் பங்கு போட்டுக்கொண்டு கிளம்புகிற நமக்கு அது எரிச்சல் தரும். ஆனாலும் திரும்பிப் போக நமக்கு வீடு இருக்கிறது, வீட்டுக்குப் பாதை இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கையால் வழி வெட்டியவர்கள் கேட்டதும் அது ஒன்றைத்தான்.